மதினி ஏற்றிவிட்ட ஜீப்

அந்தப் படம் என் கைப்பேசியில் வந்து விழுந்தபோது நான் மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். எங்கள் மலைக்கிராமமான கூக்காலில் எங்கள் தோட்டம். மண் ஒட்டிய சட்டை, கையில் கேரட் கட்டு, வெயிலுக்குச் சுருக்கிய கண். என் அண்ணன் மகள். கீழே, தேர்தலுக்கு வசூல் செய்யும் ஒரு கட்சிக்காரர்களின் வாசகம்: 'இந்தக் கையில் புத்தகம் கொடுப்போம். கல்விச் சீர்திருத்தத்துக்கு நூறு ரூபாய். இன்று நள்ளிரவுக்குள்.' எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. கோடை விடுமுறையில் அம்மாவுக்கு, என் மதினிக்கு, ஒத்தாசையாகக் கேரட் பிடுங்கிய பிள்ளை அவள். எட்டாம் வகுப்பை நல்ல மார்க்கோடு முடித்திருந்தாள். அவள் கையில் புத்தகம் எப்போதும் இருந்தது. ஏறிப்போக பஸ்தான் இல்லை. ரோடு சரியில்லையென்று காலை பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு அடுத்த ஊரில். பையன்கள் காய்கறி வண்டியில் மூட்டைமேல் தொத்திக்கொண்டு போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளை அப்படி அனுப்ப மாட்டார்கள். எட்டோடு சரி, அப்புறம் கேரட் கழுவும் தொட்டிதான். இவளுக்கும் அதுவே ஆகிவிடுமோ என்று மதினி மருகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி ஊர் ஊராகச் சுற்றியது.

பஸ் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. இந்த மாதிரிச் செய்திகளில் எப்போதும் ஒரு நள்ளிரவு இருக்கும், ஒரு குழந்தையின் கண் இருக்கும், எந்த ஊர், எந்தப் பள்ளி, என்ன குறை என்பது மட்டும் இருக்காது. பள்ளிக்கூடம் காலையில்தானே திறக்கிறது, நள்ளிரவில் எதற்கு இத்தனை அவசரம் என்று அன்றைக்கே பதில் அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது.

பள்ளி திறந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். நன்றி சொல்லும் வீடியோ எடுக்கக் கட்சிக்காரர்கள் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மதினி மகளுக்கு ரெட்டைச்சடை பின்னி, சீருடை மாட்டி, வெள்ளனே வாசலில் நிறுத்தியிருந்தாள். கேமரா வைத்திருந்தவர் தயங்கினார். "அக்கா, பாப்பா அந்த அழுக்குச் சட்டையவே போட்டுக்கிடட்டும். அப்பத்தான் பாக்குறவங்க மனசுல படும்."

"அது தோட்டத்துச் சட்டை தம்பி. இன்னைக்குப் பள்ளிக்கூடம்ல." மதினி ஜீப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "வண்டி காலியாத்தான கெடக்கு?"

எங்கள் மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. காலி வண்டி வளைவில் நிற்கிற ஆளை ஏற்றாமல் போகாது. போனால் அந்த டிரைவரின் பேர் ஊரில் நாறிவிடும். மதினி கையைக் காட்டினாள். அவளும் நானும் முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்திருந்த பிள்ளைகள் பையோடு வந்து ஏறி உட்கார்ந்தார்கள்.

"ஷூட்டிங் முடிச்சுட்டுப் போவோம்க்கா."

"பெல் அடிச்சுருவாங்க தம்பி. வெரசா விட்டுட்டு வாங்க. சீர்திருத்துறத சாயங்காலம் வச்சுக்கிடலாம்."

விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் பிள்ளைகள் ஜீப்பில் ஏறியதையும் படம் பிடித்திருந்தார்கள். மறுநாள் அடுத்த செய்தி: 'உங்கள் நூறு ரூபாயில் மலைக்கிராமத்துக்குப் பள்ளி வாகனம். அடுத்த கிராமத்துக்கும் உதவுங்கள்.' நான் ஆத்திரத்தோடு மதினியிடம் காட்டினேன். மதினி அசரவில்லை. "வண்டி விட்டுட்டோம்னு அவுகளே சொல்லிட்டாக. அப்ப வரட்டும்." பிள்ளைகளை ரோட்டோரம் நிறுத்திப் படம் எடுத்து, தன் குரலையும் பதிந்து, அந்தச் செய்தி வந்த வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டாள்: "வண்டி ஓடுதுன்னு போட்டிருக்கீக. எங்க பிள்ளைக ரோட்டுல நிக்குதுக. எத்தன மணிக்கு வரும்?" தினமும் காலையில் அதே கேள்வி. பணம் அனுப்பியவர்களும் அதையே கேட்க ஆரம்பித்த பிறகு ஜீப் வந்தது. தேர்தல்வரை வந்தது.

ஜீப் நின்ற நாளில் மதினி காய்கறி வண்டிக்காரர்களை மறித்தாள். வண்டியின் முன்சீட்டு இனிப் பெண்பிள்ளைகளுக்கு, பெரிய ஆம்பளைகள் மூட்டைமேல் ஏறட்டும் என்றாள். அண்ணனையே முதல் ஆளாகப் பின்னால் ஏற்றினாள். பெரிய மனிதர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். அண்ணன் மகள் ஒன்பதை முடித்தாள், பத்தையும் முடித்தாள். இப்போது பிளஸ் டூ. காலை பஸ் இன்னும் வரவில்லை.

போன வாரம் அதே கட்சியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி. 'சகோதரி, உங்கள் மௌனம் ஒரு குழந்தையின் கல்வியைப் பறிக்கலாம்.' நான் மௌனமாக இருக்கவில்லை. எங்கள் ஊர்க் காலை பஸ் எப்போது என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். சாயங்காலத்துக்குள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். மதினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே அவள் குரல் வந்தது.

"என்னைய எப்பவோ பிளாக் பண்ணிட்டானுக புள்ள. அதனால என்ன? ஊருல எத்தன போன் கெடக்கு."