வால்வு ஆம்ப்ளிஃபயரும் வலது காதும்

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. சிமுலேஷன் என்னை உட்கார வைத்துவிட்டது, அதுதான் வினை. கம்ப்யூட்டரில் சர்க்யூட்டை வரைந்து பட்டனை அழுத்தினால் போதும், இன்னும் கட்டாத ஆம்ப்ளிஃபயர் எப்படி ஒலிக்கும் என்று கோடு போட்டுக் காட்டும். ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் இன்னும் நல்ல கோடு. யாருக்கு எழுந்திருக்க மனசு வரும்?

என் மனைவிக்கு இரண்டு காதும் மந்தம். நான் கத்துவதையும் உதடு அசைவதையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்வாள். வலது காதில் ஆபரேஷன் செய்து கருவி வைக்க நாள் குறித்தார்கள். வைத்தால் கேட்க வாய்ப்பு உண்டு, ஆனால் அந்தக் காதில் இயல்பாக மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கேட்கும் திறனும் போய்விடலாம் என்றார் டாக்டர். ஸ்ரீரங்கம் திரும்பும்போது காவிரிப் பாலத்து நெரிசலில் அவள் சொன்னாள்: "அதுக்கு முன்னாடி ஒரு தடவை இந்தக் காதால நல்லா கேக்கணுங்க."

காதில் மாட்டும் மெஷின் தகரத்தைத் தட்டுவதுபோல் குத்துகிறது என்று ஏற்கெனவே கழற்றிப் போட்டிருந்தாள். பழைய ரேடியோவில் ஒளிருமே, அந்தக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் என்றால் சத்தம் கூடினாலும் அவ்வளவு குத்தாது, நானே கட்டித் தருகிறேன் என்று வாயை விட்டேன்.

அவளுடைய காதுப் பரிசோதனை வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். அதில் எங்கே கோடு இறங்குகிறதோ அங்கே என் கோடு ஏற வேண்டும். ஆபீஸ் விட்டு வந்தால் திரை, சாப்பிடும்போதும் திரை. "கட்டுங்களேன்" என்பாள். "இரு, இன்னும் கொஞ்சம்" என்பேன். கோடு அழகாகிக்கொண்டே போனது. ஆம்ப்ளிஃபயருக்கென்று வாங்கிய சின்னப் பெட்டி காலியாகவே கிடந்தது.

திங்கட்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமை மத்தியானம்தான் கட்டி முடித்தேன். வால்வு சூடேறும் அந்தக் கொஞ்ச நேரம்கூடப் பொறுக்கவில்லை. சிமுலேஷனில் அது எப்போதும் சூடாகவே இருக்கும். ஹெட்ஃபோனை மாட்டினால், கொர்ர்ர்! அடச்சே! திரையில் ஒரு முனகல்கூடக் கிடையாது, இங்கே மாவு மில் ஓடுகிறது. கண்டன்சரை மாற்றினேன், எர்த் வயரை மாற்றினேன், போகவில்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது. சின்னப் பெட்டிக்குள் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரையும் ஒட்டினாற்போல் வைத்திருக்கிறேன், ஒன்றின் காந்தம் மற்றதில் பாய்கிறது. சிமுலேஷனில் அவை வெறும் இரண்டு படங்கள், நடுவில் எவ்வளவு இடம் என்று அது கேட்பதே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பைக் சாவியை எடுத்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தென்னூருக்கு! பெரிய பெட்டி வாங்கணும்! உறுமுது!"

அவள் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் உறுமலையே. உங்க மூஞ்சிதான் உறுமுது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பாட்டுப் போட போனை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டு வேணாம். மைக்கை வச்சு நீங்க பேசுங்க. காது போனதுலேருந்து என்கிட்ட கத்திக்கிட்டேதான் இருக்கீங்க. கத்தினாத்தான் கேக்கும், எனக்கும் தெரியும். ஆனா எப்பப் பாத்தாலும் சண்டை போடுற மாதிரியே இருக்குங்க. சும்மா பேசுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மைக்கைச் சொருகி சத்தத்தை ஏற்றினேன். சும்மா பேச என்ன இருக்கிறது? பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில், "சாப்ட்டியா?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "இன்னும் இல்லீங்க. நீங்க?"