ஈரத் துண்டுக்குள் புழுக்கள்

வெல்டாவுக்குத் தங்கை நோரீன்மேல் பொறாமை என்று சொன்னால் எங்கள் ஆர்லண்ட் பக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது ஊரறிந்த சங்கதி. சின்ன வயதில் நோரீனுடைய சுருட்டை முடியைக் கண்டு எரிந்தாள். கல்யாணமான பிறகு நோரீன் சுடும் ஆப்பிள் கேக்கைக் கண்டு எரிந்தாள். அறுபதைத் தாண்டிய பிறகு எரிச்சல் முழுவதும் நோரீனுடைய கையில் வந்து நின்றுவிட்டது.

அவர்களைப் போல ராணித்தேனீ வளர்ப்பவர்களுக்குக் கையும் கண்ணும்தான் முதல். முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள்கூட ஆகாத புழுவை, தேனடையின் அறையிலிருந்து ஊசியால் ஏந்தி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் இறக்க வேண்டும்; தேனீக்கள் அதை ராணியாக வளர்க்கும். புழு கண்ணில் படுவதே கஷ்டம். வயது கூடிய புழுவை எடுத்தால் வருகிற ராணி சோப்ளாங்கியாக இருக்கும். நோரீன் கண்ணாடி போடாமல், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எடுப்பாள். வெல்டா மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் பூதக்கண்ணாடியும் பிடித்து, மூச்சை அடக்கி எடுப்பாள். அதில் பாதியைத் தேனீக்களே வேண்டாம் என்று தள்ளிவிடும்.

அவர்களுடைய அப்பா ஆர்லோ ஒரு தேனீ வம்சம் வைத்திருந்தார். முகவலை இல்லாமல் பெட்டியைத் திறக்கலாம், அவ்வளவு சாது. சாகும்போது அதைச் சின்னவளிடம் கொடுத்தார். வருஷா வருஷம் முதல் ஈட்டுப் புழு அக்காவுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நோரீன் ஒவ்வொரு ஏப்ரலிலும் போன் செய்து கூப்பிடுவாள். என் அப்பன் சொத்தை நான் பிச்சையாக வாங்குவதா என்று வெல்டா போகவே மாட்டாள். ஒரு வருஷம் குளிரில் அவளுடைய பெட்டிகள் பாதிக்குமேல் செத்துப்போயின. வீம்பு பார்த்தால் தொழில் போய்விடும் என்ற நிலை வந்ததும், வண்டியை எடுத்துக்கொண்டு பைன் காட்டு மேட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள்.

நோரீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காப்பி ஆறுவதற்குள் கிண்ணங்கள் எல்லாவற்றிலும் புழு இறக்கிவிட்டாள். கிண்ணங்கள் பதித்த சட்டத்தை வெதுவெதுப்பான ஈரத் துண்டில் சுற்றி, வெந்நீர்ப் புட்டியோடு பெட்டியில் வைத்து, வண்டி வரைக்கும் தூக்கி வந்து கொடுத்தாள்.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் திறக்காத வெல்டா. கீழே வடக்குக் காத்து அடிக்குது. பட்டுச்சுன்னா காஞ்சிரும்."

இதை வெல்டாவுக்கே சொல்லிக் கொடுக்கிறாளாம். மலை இறங்குவதற்குள் வெல்டாவின் மனதில் ஒரு சந்தேகம் முளைத்துவிட்டது. இவ்வளவு வேகமாக எடுத்தாளே, எனக்கென்று கிழட்டுப் புழுவாகப் பொறுக்கிப் போட்டிருந்தால்? பாதாம் தோப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்தித் துண்டைப் பிரித்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் கடுகில் கால்வாசி இல்லை. பொன்னான புழுக்கள். குறை இருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மேல் வரிசை சரி, அடி வரிசையில் ஏமாற்றியிருப்பாள் என்று பெட்ரோல் பங்கில் மறுபடி பிரித்தாள். அதுவும் பொன். நம்ப முடியாமல் வீட்டு வாசலில், கொளுத்தும் வெயிலில், இன்னொரு தரம் பிரித்தாள். அப்போதுதான் கவனித்தாள். புழுக்கள் மிதக்கிற தேனீப்பால் காய்ந்து ஆடை கட்டிப் போயிருந்தது.

ராணி இல்லாமல் தவிக்கும் பெட்டிக்குள் சட்டத்தை இறக்கினாள். மறுநாள் பார்த்தால் தேனீக்கள் கிண்ணங்களை நக்கித் துடைத்து வைத்திருந்தன. ஒரே ஒரு கிண்ணத்தை மட்டும் ஏற்று, அதன் விளிம்பை மெழுகால் இழுத்து நீட்டியிருந்தன.

அன்று சாயங்காலமே நோரீன் போன் செய்து எத்தனை பிடித்தது என்று கேட்டாள். காற்றில் பிரித்துப் பார்த்தேன் என்று சொல்ல வெல்டாவுக்கு நாக்கு புரளவில்லை.

"ஒண்ணுகூட பிடிக்கல. புழுவுக்கு வயசு கூடிப்போச்சு நோரீன். உனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல போல."

நோரீன் மன்னிப்புக் கேட்டாள், அடுத்த வாரம் நல்லதாகத் தருகிறேன் என்றாள். போனை வைத்த வெல்டா அன்று ராத்திரி ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் அதிகமாகச் சாப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தங்கையை ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் என்று ஒன்று வரவில்லை. நோரீனின் மின்வேலியில் மின்சாரம் நின்றுபோன ஒரு நாளில் கரடி புகுந்து, அப்பாவின் வம்சம் இருந்த பெட்டியைப் பிய்த்து எறிந்துவிட்டது. ராணி நசுங்கிச் செத்தது. முந்தைய வருஷத்து ராணிகள் எல்லாம் விலைக்குப் போய் வடக்கே எங்கெங்கோ சிதறியிருந்தன. போனில் நோரீன் அழுதாள். வெல்டா ஆறுதல் சொன்னாள். சொல்லும்போதே ஜன்னல் வழியாகத் தன் பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் அந்த ஒற்றை ராணி பொரிவதற்குக் காத்திருந்தது.

அது பொரிந்தது, பறந்துபோய்க் கூடி வந்தது, முட்டையிட்டது. கொழுத்த, நீண்ட, தேன் நிற ராணி. அப்பாவின் வம்சம் இப்போது பூமியில் வெல்டா கையில் மட்டும்தான் இருந்தது. அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். தினமும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஆனால் யாரிடமும் காட்ட முடியாது. காட்டினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். இருட்டறையில் நகை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது அவளுக்கு.

மே மாதக் கடைசியில் நோரீன் பேசினாள். குரல் தட்டையாக இருந்தது. காலிப் பெட்டிகளை விற்றுவிட்டதாகவும், ஊசியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

"கரடியைச் சொல்லி என்ன வெல்டா. நான் உனக்கு ஒழுங்கான புழு குடுத்திருந்தா அப்பாவோடது உன்கிட்டயாவது இருந்திருக்கும். என் கையாலதான் போச்சு. இனிமே நான் புழுவைத் தொடறதா இல்ல."

உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் வெல்டாவின் மனம் குளிர்ந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை. நோரீன் புழுவைத் தொடமாட்டாள் என்றால், ஒவ்வொரு வசந்தத்திலும் நான் யாரைப் பார்த்து எரிவது? இந்த ஊரில் என்னைவிட நன்றாகச் செய்கிறவள் அவள் ஒருத்திதான். அவளைப் பார்த்து எரிந்துதான் நானே பாதியாவது கற்றுக்கொண்டேன். இப்படியெல்லாம் யோசித்துப் பார்த்தவளுக்குத் தன்மேலேயே குமட்டல் வந்தது.

மறுநாள் காலை, அந்த ராணியின் இளம்புழு நிறைந்த அடையை எடுத்து வெதுவெதுப்பான ஈரத் துண்டில் சுற்றினாள். வண்டிக் கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, கோடையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய மலை ஏறினாள். ஒரு தரம்கூடப் பிரிக்கவில்லை.

நோரீன் சமையலறை மேஜையில் துண்டைப் பிரித்தாள். புழுக்களைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"அப்பாவோடது. நீ குடுத்ததுல ஒண்ணு பிடிச்சுது. புழுவுக்கு வயசு சரியாத்தான் இருந்துது. நீ ஏமாத்தியிருப்பன்னு நான்தான் வழியெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். காத்துல காஞ்சுது. உன்மேல போட்டுட்டேன்."

நோரீனின் முகம் வெளுத்துச் சிவந்தது.

"ஒரு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு என் கண்ணையே திட்டிக்கிட்டு இருந்தேன்டி," என்றாள். "உன்கிட்ட நான் போடப்போற சண்டை கொஞ்ச நஞ்சம் இல்ல. முதல்ல இது காயறதுக்குள்ள மாத்துவோம். ஊசி கொண்டாந்தியா?"

கொண்டு வந்திருந்தாள். நோரீன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியை அடையின் அறைக்குள் விட்டாள். பாட்டு வரவில்லை. புழுவை ஏந்தி எடுத்தவள் கிண்ணத்தில் இறக்காமல் ஊசியை நீட்டியபடியே வைத்திருந்தாள்.

"இது வயசு சரியா இருக்கா, பாரு."

வெல்டா பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். கடுகில் கால்வாசி இல்லை.

"சரியாத்தான் இருக்கு. நான் சொன்னது பொய்யின்னுதான் சொல்லிட்டேனே."

"தெரியும். கை நம்ப மாட்டேங்குது."

புழுவை இறக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதையும் நீட்டினாள். தங்கை ஒரு நாளாவது தன்னைக் கேட்டுச் செய்ய மாட்டாளா என்று வெல்டா வாழ்நாளெல்லாம் ஏங்கியிருக்கிறாள். இப்போது நோரீன் ஒவ்வொரு புழுவுக்கும் கேட்டாள். அந்த மேஜையருகே நின்று வெல்டா ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.