தொழிற்படைக்கு வெளியே

பட்டம் எடுத்து ஐந்து வருடம் இணுவிலில் வீட்டோடு இருந்த எனக்கு, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் தற்காலிக வேலை ஒன்று கிடைத்தது. யார் யாருக்குத் தொழில் இருக்கிறது என்று அரசாங்கம் எடுக்கும் கணக்கு. கழுத்தில் அட்டை, கையில் பதில்களைத் தொட்டுப் பதியும் ரப்லெட், முன்னதாக இரண்டு நாள் பயிற்சி.

பயிற்சிக்குக் கொழும்பிலிருந்து வந்த பெரியவர், உலகம் முழுக்க ஒரே வரைவிலக்கணம்தான் என்று ஆரம்பித்தார். போன கிழமை கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணித்தியாலம் உழைத்திருந்தால் தொழிலில் உள்ளவர். வீட்டுச் சாப்பாட்டுக்காகப் பயிர் செய்கிறவர் நாள் முழுக்க முறிந்து பாடுபட்டாலும் தொழிலில் இல்லை. அவர் வேறு வேலை தேடவும் இல்லையென்றால், உழைப்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்த தொழிற்படைக்கு வெளியே. இப்படி வகுத்தால்தான் எங்களையும் நோர்வேயையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடலாமாம். மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட இத்தனை பேர் விமானம் ஏறித் திரிகிறார்கள். மண்வெட்டி பிடித்த கை ஒன்றுகூட அந்தக் குளிர் அறையில் இல்லை. இடைவேளையில் தந்த ரோல்ஸ் மட்டும் நன்றாக இருந்தது.

பண்டத்தரிப்பில் எனக்கு விழுந்த வீடுகளில் ஒன்று, கணவனை இழந்த ஓர் அக்காவுடையது. நான் போனபோது கத்தரிக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்தவர், நான் கேட்க முதலே தன் கதையைச் சொன்னார். காணி தாய் தகப்பனுடையது, இன்னும் பிரிக்கவில்லை. கனடாவில் இருக்கும் தம்பி அதை விற்கச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறான். அக்கா சும்மா இருக்கிறா, காணி தரிசாய்க் கிடக்கு என்று ஊரெல்லாம் போன் எடுத்துச் சொல்கிறானாம்.

“நான் தோட்டம் செய்யிறவள் எண்டு அரசாங்கக் கணக்கிலை எழுது பிள்ளை. அதுக்குப் பிறகும் உவன் வாய் திறக்கிறானோ பாப்பம்.”

உந்தக் கணக்கு யாருக்கும் அத்தாட்சி ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கேள்வியை வாசித்தேன்.

“விளையிறதை விக்கிறனீங்களோ அக்கா?”

முகம் சட்டென்று மாறியது.

“விக்கிறதோ? நாங்கள் மரக்கறி வித்துத் திண்ட குடும்பமில்லை. எல்லாம் வீட்டுப் பாவிப்புக்குத்தான்.”

வேலியோரம் நான்கு மூட்டைக் கத்தரிக்காய் வாய் கட்டி நின்றது. மருதனார்மடம் சந்தைக்குப் போகும் ஓட்டோ இனித்தான் வரவேண்டும். என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு, “அது சொந்தக்காரருக்கு” என்றார். நான்கு மூட்டை கத்தரிக்காய் தின்னும் சொந்தக்காரர்! இந்த ஊர்க் கௌரவத்தைக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. என் வீட்டிலும் அதே கௌரவம்தான். நான் ரியூசன் கொடுப்பதை அம்மா வெளியில் சொல்லமாட்டார்.

“விக்கிறனாங்கள் எண்டு சொன்னால்தான் தோட்டம் தொழிலாகப் பதியும், அக்கா” என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் பதிலை எடுத்துக் கொடுக்கக்கூடாது என்பது பயிற்சியில் தந்த கட்டளை. ஐந்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த வேலை. கட்டளையைக் கும்பிட்டு “இல்லை” என்பதைத் தொட்டேன். வேறு வேலை தேடுகிறாரா என்ற கேள்விக்கும் அதே “இல்லை”தான். ரப்லெட் ஒரு கணம்கூட யோசிக்காமல் அவரைத் தொழிற்படைக்கு வெளியே தள்ளியது.

“எழுதியாச்சோ?”

“ஓம் அக்கா.”

அவர் உடனே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். “அரசாங்கம் எழுதிப்போட்டுதடா, நான் தோட்டக்காரி எண்டு. இந்தா, எழுதின பிள்ளையோடை கதை.”

போன் என் கைக்கு வந்தது.

“உண்மையோ தங்கச்சி? அக்கா தோட்டம் செய்யிறா எண்டே பதிஞ்சனீங்கள்?”

பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்க்காமல், “தனிப்பட்ட தகவல் அண்ணை, வெளியிலை சொல்ல ஏலாது” என்றேன்.

அவர் சிரித்தார். “அப்ப பதியேல்லை.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது.