எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் தெரிந்த தமிழ்

ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். சின்னாளப்பட்டியில் எங்கள் சுங்குடிச் சேலைக் கடைக்கு, சுலபமாக இருந்த ஒரு மென்பொருளை வைத்து நானே தமிழில் வெப்சைட் செய்தேன். தீபாவளிக்கு மொத்தமாக எடுக்கவிருந்த மலேசிய வியாபாரி போன் செய்தார்.

"படம் தெரியுதும்மா. எழுத்தெல்லாம் கோழி கிறுக்குன மாதிரி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள விலை தெரியலேன்னா வேற கடை பாக்குறேன்."

எங்கள் கம்ப்யூட்டரில் தெளிவாகத்தான் இருந்தது. பதறிப்போய் பிரவுசிங் சென்டரில் திறந்தேன், கிறுக்கல்தான். அந்த மென்பொருளோடு வந்த தமிழ் எழுத்துரு, அதாவது ஃபான்ட், எங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்திருக்கிறது.

"அப்ப இம்புட்டு நாளும் நம்ம மட்டுந்தான் படிச்சிருக்கோமா?" என்றார் கணவர்.

எழுத்தையெல்லாம் படமாக மாற்றி அவசரமாக ஏற்றினேன். இருட்டும் நேரத்தில் ஆர்டர் வந்தது.

இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தெரியும் மென்பொருளைத்தான் வாங்குகிறேன். செய்ததை முதலில் எதிர்ச் சேலைக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் திறந்து காட்டுவேன். எங்கள் விலையைப் பார்த்து அவர் முகம் சுளித்தால், எழுத்து தெரிகிறது என்று அர்த்தம்.