ஓடும் வண்டியில் பிடுங்கிய கம்பி

மஃப்ரக் ஊரில் காலையில் வண்டி கிளம்பாவிட்டால் எல்லோரும் அபூ ராகானைத்தான் தேடுவார்கள். வண்டிகளின் மின்கோளாறு பார்ப்பது அவர் தொழில். மிஃப்லிஹ் என்பது பெற்றோர் வைத்த பெயர். மூத்த மகன் ராகான் பிறந்த பிறகு, ‘ராகானின் தந்தை’ என்று பொருள்படும் அபூ ராகானே நிலைத்து, பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

அவர் பேர் வாங்கியது ஒரு வித்தையால். எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியின் கம்பியை வெடுக்கென்று பிடுங்குவார். எஞ்சின் நின்றுபோனால், ஓடும்போது மின்சாரம் தர வேண்டிய ஆல்டர்னேட்டர் அதைத் தரவில்லை என்று அர்த்தம். நிற்காமல் ஓடினால் அது நன்றாக இருக்கிறது, குறை பேட்டரியில். இதையே மீட்டரும் சொல்லும். ஆனால் மீட்டரை யாரும் கூட்டம் கூடி வேடிக்கை பார்ப்பதில்லை. இந்தக் காலத்து வண்டியில் அப்படிப் பிடுங்கினால் ஆல்டர்னேட்டர் கருகிவிடும் என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான் அவர் பதில். தப்பிப் பிழைத்ததையெல்லாம் மனிதன் திறமை என்று எண்ணிக்கொள்கிறான்.

பக்கத்து வீட்டு அபூ தாமிரின் மகனுக்குக் கல்யாணம். பெண்ணை அழைத்துவர வேண்டிய வண்டி சில நாளாக மக்கர் செய்தது. எதிர்க்கடை அபூ வஸ்ஃபியிடம் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டிருந்தார்கள். ஊர்வலம் கிளம்பும் முன் அபூ ராகானை ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்கள். வாசலில் ஆண்கள் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார்கள். மீட்டர் அவருடைய கோட்டுப் பையில்தான் இருந்தது. அவர் கம்பியைப் பிடுங்கினார். எஞ்சின் ஒரு கணம் திணறினாலும் நிற்கவில்லை; கம்பியை மாட்டியதும் மறுபடி சீராக ஓடியது.

“குதிரை மாதிரி இருக்கு! பாக்தாத் வரைக்கும் ஓட்டு,” என்றார். கூட்டம் கைதட்டியது.

பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பட்டப்பகலில் எல்லா விளக்கையும் எரியவிட்டு, ஹாரனை அமுக்கியபடி வண்டிகள் வரிசையாக வந்தன. ஊருக்குள் நுழையும் இடத்தில் மணமகள் வண்டியின் ஹாரன் ஆட்டுக்குட்டி போலக் கமறி அடங்கியது. எஞ்சினும் நின்றது.

பெண்ணின் அண்ணன் பின்வண்டியிலிருந்து இறங்கி வந்தான். “எங்க தங்கச்சிய வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போகப் போறீங்களா?”

மாப்பிள்ளை வீட்டார் முகம் செத்துப்போனது. எல்லோர் கண்ணும் ஊர்வலத்தோடு வந்திருந்த அபூ ராகான் மேல். அவர் பானட்டைத் திறந்தார். எதையும் தொடும் முன்னே வாய் முந்திக்கொண்டது.

“பேட்டரிதான்! பழசைத் துடைச்சு, புதுசுன்னு தலையில கட்டியிருக்கார் அபூ வஸ்ஃபி.”

அபூ வஸ்ஃபி அந்த ஊர்வலத்திலேயே இருந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். “மீட்டர வச்சுப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

“உங்க சரக்குக்கு மீட்டர் வேறயா? மூக்கே போதும்!”

சிரிப்பு வெடித்தது. பெண்ணை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நின்ற வண்டியைப் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தபோது, அதை ஓட்டிய மாப்பிள்ளையின் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். “கிளம்பின உடனே பேட்டரி விளக்கு சிவப்பா எரிஞ்சுது சித்தப்பா. நீங்கதான் பாத்துட்டீங்களேன்னு விட்டுட்டேன்.”

அவன் போன பிறகு, வேறு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து வண்டியைக் கிளப்பி, மீட்டரை வைத்தார். பதினாலு வோல்ட் காட்ட வேண்டியது பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே டயோடுகள் கருகிக் கிடந்தன. புதுப் பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் சோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. எந்த நொடியில் கருகியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்த நொடியில்தான் கைதட்டினார்கள்.

வேறு ஆல்டர்னேட்டர் மாட்டிக் கொடுத்தார். எதை மாற்றினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. எதிர்க்கடைக்கு வந்தவர்கள் பேட்டரியை மோந்து பார்த்துக் கேலி செய்வது பட்டறையிலிருந்தே தெரிந்தது. அப்புறம் கேலி செய்யவும் ஆள் வரவில்லை.

ஒரு மதியம் அந்தக் கடைக்குள் போனார். அபூ வஸ்ஃபி காபி ஊற்றிக் கொடுத்தார். அபூ ராகான் அதைக் குடிக்காமல் கீழே வைத்தார். ஒன்றைக் கேட்டு வந்தவர் அது கிடைக்கும்வரை கோப்பையைத் தொடுவதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

“குடி, ஆறிடும்.”

“மன்னிச்சேன்னு சொல்லுங்க, குடிக்கிறேன்.”

“ரோட்டுல நின்னு கத்துன. இப்போ கடைக்குள்ள வந்து என் காதோட சொல்ற. இங்க யாருக்குப்பா சந்தேகம்? என் சரக்கு எனக்குத் தெரியாதா?”

கோப்பை நிறைந்தபடி இருக்க, அவர் எழுந்து வந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அபூ தாமிரின் கூடத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். அபூ ராகான் உட்காராமல் நின்றே சொன்னார். “அந்தப் பேட்டரி நல்லதுதான். ஆல்டர்னேட்டர எரிச்சது நான்.”

அபூ தாமிர் எழுந்துவந்து அவர் தோளில் முத்தமிட்டார். “என்ன மனசு பாருங்க! பெரியவர் பொழப்பு கெடக்கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கறார்.”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“விடுப்பா. உன் கை பட்டு எது கெட்டிருக்கு?”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். பொய்யை ஒரே மூச்சில் நம்பியவர்கள் உண்மையை நம்ப மறுத்தார்கள். இரண்டுக்கும் காரணம் அவருடைய நல்ல பேர்தான்.

வெளியே போய்த் தன் வண்டியைக் கிளப்பினார். எல்லோரையும் வரச் சொல்லி, மீட்டரை அபூ தாமிர் கையில் கொடுத்தார். பதினாலு காட்டியது. கம்பியைப் பிடுங்கி மாட்டினார். அதே பதினாலு. “பாத்தியா, ஒண்ணும் ஆகல!” என்று ஒருவர் சிரித்தார். மறுபடி பிடுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷம் தன்னை ஏமாற்றிய அதே அதிர்ஷ்டம் இப்போதும் விடமாட்டேன் என்றது. எல்லா விளக்கையும் போட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து எஞ்சினை முறுக்கச் சொல்லி, திரும்பவும் பிடுங்கினார். முன்விளக்குகள் வெள்ளையாய்ச் சீறி, ஒன்று வெடித்து அணைந்தது. கம்பியை மாட்டியபோது மீட்டர் பன்னிரண்டுக்குச் சரிந்திருந்தது. எஞ்சின் மட்டும் எதுவுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

அபூ தாமிர் மீட்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ அன்னிக்கு எங்க மானத்த வாங்கினது நீதானா?”

“நான்தான்.”

“அது தெரிஞ்சும் இத்தனை நாள் பேசாம இருந்தியா?”

நம்பினால் போதும் என்றுதான் வந்திருந்தார். நம்பியவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கவில்லை.

அபூ தாமிர் உள்ளே போய் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்களும் கிளம்பினார்கள். நாலு பேராகச் சேர்ந்து போய்ப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. கூட்டம் தெருவைக் கடந்து அபூ வஸ்ஃபியின் வீட்டுப் பக்கம் நடந்தது. அபூ ராகானை யாரும் கூப்பிடவில்லை.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, சற்று இடைவெளி விட்டு அவர்கள் பின்னால் நடந்தார்.