நான் கவிழ்த்த ஒன்பது குடுவைகள்

1. பிப்ரவரி, இரண்டாம் செவ்வாய்

கொசு ஒழிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வேலையில் நான் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். தினமும் டைரி எழுதும் வழக்கம் உண்டு என்பதால் மாதமும் கிழமையும் தவறாது.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, தி. நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் பள்ளி மாணவி ஒருத்திக்கு டெங்கு உறுதியானது. அப்படி ஒரு கேஸ் வந்தால் சுற்றியுள்ள வீடுகளில் ஒன்றுவிடாமல் ஏறித் தேங்கிய தண்ணீரைத் தேடுவோம். என்னோடு குமாரி வந்தார். பதினோரு வருடம் ஒரே டீமில் இருந்தவர். வாய் கொஞ்சம் அதிகம்.

ஏழாவது வீடு ரஹீம் பாயுடையது. கீழே தையல் கடை, மேலே குடியிருப்பு, அதற்கும் மேல் மொட்டை மாடி. கடையில் கூட்டமாக இருந்ததால் வாசலிலேயே சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினோம். பச்சை வலைப் பந்தலின் கீழே, வாயில் துணி கட்டிய ஆறு சின்ன நீல டிரம்கள் இருந்தன. ஒன்றில் துணி கிழிந்திருந்தது. கரண்டியால் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினேன். கொசுப்புழு நெளிந்தது. அந்த ஒன்றைக் கொட்டிவிட்டு மற்ற ஐந்தையும் சோதித்திருக்க வேண்டும். ஒன்றில் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும் என்று பழகிய கை. ஆறையும் கவிழ்த்தேன்.

பந்தல் கம்பியில் ஒரு செடி தொங்கியது. ஒவ்வொரு இலையின் நுனியிலிருந்தும் ஒரு கொடி இறங்கி, அதன் முனையில் பச்சைக் குடுவை ஒன்று. அதற்கு மேல் சின்ன மூடி. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்பது குடுவைகளிலும் தண்ணீர், மூன்றில் புழு. ஒன்பதையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துக் காலி செய்தேன்.

கடைசிக் குடுவையைச் சாய்க்கும்போது பாய் கழுத்தில் டேப்போடு மேலே வந்தார். சத்தம் போடவில்லை. ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையுமா சார் கொட்டிட்டீங்க? மழைத் தண்ணி சார் அது. டிசம்பர்ல புட்ச்சி வச்சது. இனிமே எப்போ பெய்யறது?"

2. மெட்ரோ தண்ணீர் ஆகாத செடி

துணி கிழிந்தது தன் தப்புதான் என்று பாயே ஒப்புக்கொண்டார். மற்றதைப் படியில் உட்கார்ந்து சொன்னார். செடி அவருடைய ஒரே மகள் நசீமாவுடையது. தாவரவியல் ஆராய்ச்சிக்காக அவள் மேகாலயா போயிருந்தாள். இந்தக் குடுவைச் செடி நம் நாட்டில் இயற்கையாக வளர்வது அந்த மலைகளில்தான். இவளிடம் இருந்தது நர்சரியில் விதையிலிருந்து வளர்த்தது. போர் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ ஊற்றினால் உப்பு ஏறி வேர் கருகிவிடும். கேன் தண்ணீரும் வேண்டாம் என்று எழுதிவைத்துப் போயிருந்தாள். மழைத் தண்ணீர் மட்டும்.

அவ்வளவு தூரம் தனியாகப் போகக் கூடாது என்று பாய் பிடிவாதமாக இருந்தாராம். அவள் கிளம்பிய பிறகு இரண்டு மாதம் பேச்சில்லை. ஒரு நாள் அவளே வீடியோ காலில் வந்து, "செடி எப்படி இருக்கு அத்தா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்குப் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவார். அதைச் சொன்னபோது டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

குமாரி, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் உப்பு இருக்காது, அதை வாங்கலாமே என்றார். பேட்டரி என்ற சொல்லைக் கேட்டதுமே ஆசிட் என்று பயந்து பாய் தலையாட்டி மறுத்துவிட்டார்.

அந்த வாரம் நான் நூலகத்தில் தாவரவியல் புத்தகம் ஒன்றைத் தேடிப் படித்தேன். சத்தில்லாத மலைச்சரிவு மண்ணில் வளரும் செடி அது. வேரால் கிடைக்காததைக் குடுவையால் பிடிக்கிறது. மூடியிலும் விளிம்பிலும் தேன் சுரக்கும். தேனுக்கு வந்த எறும்பு வழுக்கி உள்ளே விழும். உள்ளே இருப்பது மழைத் தண்ணீர் அல்ல. எறும்பைக் கரைப்பதற்குச் செடியே சுரந்த திரவம். மழை விழுந்து அது நீர்த்துவிடாமல் காப்பதற்குத்தான் மூடி. நான் கொட்டியது அந்தத் திரவத்தை.

3. ஏசி தண்ணீர்

எங்கள் டிவிஷனில் எந்த ஏசி எங்கே சொட்டுகிறது என்பது எனக்கு மனப்பாடம். ஏசியிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம். அதில் உப்பு கிடையாது. ஒரு ஜவுளிக் கடையின் பின்சந்தில் நான்கு பைப்கள் ஓயாமல் சொட்டும். அங்கே தண்ணீர் தேங்கியதற்காக நானே பலமுறை நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். செடியைக் காலி செய்த மறுநாள், புதன்கிழமை காலை, சுத்தமான பக்கெட்டோடு போய் நின்றேன். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், நேத்து வரைக்கும் நோட்டீஸ் ஒட்டுனீங்க. இன்னிக்கு நீங்களே பக்கெட் வச்சி புடிக்கிறீங்க. இத போட்டோ எட்த்து எனக்கு ஃபைன் போடவா?"

புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு சின்னக் கேன் பிடித்துப் பாய் வீட்டில் கொடுத்தேன். அன்றைய தண்ணீர் அன்றே தீர்ந்துவிடும்; சேமிப்பு இல்லை. "ஊர்ல கீற தண்ணியெல்லாம் கொட்டுன மனுசன், இப்போ ஒரு செடிக்குத் தண்ணி சொமந்துகினு போறாரு" என்று குமாரி டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னார்.

மார்ச் முடிவதற்குள் ஒன்பது குடுவைகளும் பழுப்பேறிக் காய்ந்தன. இலைகள் மட்டும் பச்சையாக இருந்தன. புதிதாக வந்த கொடி நுனிகள் கொஞ்சம் வீங்கி, கோடைக் காற்றில் அப்படியே கருகின.

4. ஏப்ரல், முதல் வெள்ளி

அன்று மறு ஆய்வுக்காகக் குமாரியோடு மாலையில் போயிருந்தேன். பாய் மாடியில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு இலையை மட்டும் மிகக் கிட்டத்தில் காட்டினார். குடுவையைக் காட்டச் சொன்னாள் நசீமா. லைட் போய்விட்டது, நாளைக்குக் காட்டுகிறேன் என்றார். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஏழு வாரமாக இதையே சொல்லிவந்திருக்கிறார்.

நான் போனை வாங்கி, யார் என்று சொல்லி, நடந்ததை நாள் முதற்கொண்டு ஒப்பித்தேன். அவள் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

"எத்தனை குடுவையில புழு இருந்துச்சு அங்கிள்?"

"மூணும்மா."

"இங்க காட்டுல நான் பாக்குற குடுவையில எல்லாம் ஏதாவது ஒண்ணு வாழுது. எறும்பைக் கரைக்கிற தண்ணிலயே புழு ஜம்முனு நீந்துது. குடுவையை விட்டா வேற எங்கயும் முட்டை போடாத கொசுகூட இருக்கு. நீங்க இங்க வந்தீங்கன்னா ரிட்டயரே ஆக முடியாது."

குமாரி சிரித்துவிட்டார். நசீமா போனைத் தன் அத்தாவிடம் கொடுக்கச் சொன்னாள். நான் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். ஆனாலும் காதில் விழுந்தது.

"ஏன் அத்தா என்கிட்ட சொல்லல?"

பாய் கொஞ்சம் தடுமாறினார். "செடி போச்சுன்னா நீ போன் பண்ண மாட்டியோன்னு நெனச்சேம்மா."

"தினமும் செடியப் பாக்கவா கூப்ட்டேன்?" என்றாள் அவள்.

பாய் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார். நானும் குமாரியும் படியிறங்கினோம்.

ஜூன் மாதம் நல்ல மழை ஒன்று பெய்தது. அதற்குப் பிறகு ஒரு நுனி கருகாமல் வளர்ந்து குடுவையானது. மூடி தானாகத் திறந்த அன்று பாய் என்னை வரச்சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தேன். திரவம் தெளிவாக இருந்தது. அடியில் ஓர் எறும்பு, புழு இல்லை.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புழு உள்ள தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டும். அதில் தயவு கிடையாது. ஆனால் கை வைப்பதற்கு முன்பு, இதை யாருக்காக வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். பதில் வர அரை நிமிடம்கூட ஆகாது. நான் அதைக் கேட்காமல் எத்தனை வீடுகளில் ஏறி இறங்கினேன் என்பதற்கு என் டைரியில் கணக்கு இல்லை.

புதுக் குடுவை திறந்த அன்றைய ஆய்வுப் படிவத்தில் பாய் வீட்டுக்கு நேரே இப்படி எழுதிக் கையெழுத்திட்டேன்: "தேங்கிய நீர் உள்ளது. கொட்டவில்லை."