படங்குக்குப் போட்ட பித்தளைப் பக்கிள்

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி. முல்லைத்தீவுச் சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தேன். என் தையல் விட்டுப்போகாது என்று ஊரில் சொல்வார்கள். அவர்கள் சொன்னதைவிட நானே சொல்லிக்கொண்டதுதான் கூட.

அந்த மாரியில் அரசாங்க மருத்துவமாது ஒருவர் கடைக்கு வந்தார். என்னைவிட இளையவர். மிஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பிள்ளைப்பேறு பார்க்க நந்திக்கடல் என்ற கடலேரியின் அக்கரைக்குச் சின்ன வள்ளம் ஒன்றில் போய்வருவார். வாடைக்காற்றில் அலை தெறித்து அவரும் மருந்துப் பையும் தெப்பமாக நனைந்துவிடுவதால், இருந்தபடியே இடுப்புவரை மூடிக்கொள்ள வள்ளத்துக்குத் தடித்த கித்தான் துணியில் ஒரு படங்கு தைத்துத் தரச் சொன்னார்.

படங்கு தைப்பது பெரிய வேலையில்லை. அதை வள்ளத்தின் விளிம்பில் எதைக் கொண்டு பூட்டுவது என்பதுதான் யோசனை. கூட வந்த வள்ளக்காரர், கயிற்று வளையமும் மரக்குச்சியும் போதும் என்றார். அது ஆடு கட்டுகிற வேலை என்று நான் சிரித்தேன். கொழுக்கி என்றால் சேலையில் மாட்டும். அமுக்குப் பொத்தானை உப்புத் தின்றுவிடும். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து ஆமிப் பைகளில் கழற்றிய பித்தளைப் பக்கிள்கள் என்னிடம் இருந்தன. பக்கத்துக்கு நாலாகத் தடித்த வார் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

முதல் பயணத்தன்று என் வேலையின் அழகைப் பார்க்க நானும் கரைக்குப் போனேன். மிஸி ஏறி உட்கார்ந்ததும் எட்டுப் பக்கிளையும் நானே குனிந்து இறுக்கினேன். ஒரு துளி தண்ணீர் உள்ளே வராது என்று வேறு சொன்னேன்.

கொஞ்சத் தூரம்தான் போயிருக்கும். பக்கவாட்டில் அடித்த காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. படங்குக்கு வெளியே நின்ற வள்ளக்காரர் விழுந்து எழும்பிவிட்டார். மிஸியைக் காணவில்லை. வள்ளத்தின் அடிப்பாகம் மட்டும் மேலே தெரிந்தது.

கட்டியிருந்த சாரத்தோடு ஓடினேன். நெஞ்சளவு தண்ணீர். மூழ்கித் தடவி ஒரு பக்கிளைப் பிடித்தபோது, அதையே இழுத்துக்கொண்டிருந்த அவருடைய கை என் கையில் முட்டியது. நனைந்த வார் ஊறி இறுகியிருந்தது. தைத்த எனக்கே திறக்க முடியவில்லை. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வள்ளக்காரர் இடுப்புக் கத்தியால் வார்களை அறுத்து அவரை வெளியே இழுத்தார்.

இருமி மூச்சு வந்ததும் அவர் முதலில் தேடியது மருந்துப் பையை. அக்கரையில் ஒரு பெண் நோவோடு கிடக்கிறாள் என்று சொல்லி, படங்கைக் கரையில் எறிந்துவிட்டு, நனைந்த உடுப்போடு, நிமிர்த்திய அதே வள்ளத்தில் போய்விட்டார்.

இரண்டாம் நாள் அறுந்த படங்கோடு கடைக்கு வந்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாயும் பிள்ளையும் சுகம் என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, படங்கை மேசையில் வைத்தார்.

"அண்ணை, நனையிறது எனக்குப் பழகிப்போச்சு. தண்ணிக்குள்ள கண் தெரியாமல் ஒரு கையால கழட்டக்கூடியதாத் தைச்சுத் தாங்கோ."

வள்ளக்காரர் சொன்ன வளையமும் குச்சியுமே வைத்தேன். குச்சிகள் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து, ஒரு இழுப்பில் கழலச் செய்தேன். கடை வாங்கில் உட்கார்ந்து, துவாயால் கண்ணைக் கட்டிக்கொண்டு நானே பலமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.

எப்படிப் பூட்டுவது என்று அத்தனை யோசித்த எனக்கு, திறக்க வேண்டிய ஒருவர் உள்ளே இருப்பார் என்ற நினைப்பு வரவேயில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.